பயிற்சிக்காக மட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் மற்றதுக்கு வர வேண்டும். இந்தத் தடவை அந்த வரிசையெல்லாம் வேண்டாம். உன் அத்தானுக்கு வேலை கிடைத்துவிட்டது.

இங்கேயேதான், நடந்து போகிற தூரத்தில். நேற்றுக் காலை நான் கண்ணாடிக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தபால் வந்தது. உறையை அவர்தான் வாங்கினார். பிரித்துப் படித்தார். என் கையில் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். தண்ணீர் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. வெளியே வந்தபோது முகம் கழுவின முகமாகத்தான் இருந்தது, ஆனால் கண் மட்டும் சிவந்திருந்தது.

அலுவலகங்களுக்கு மேசை, நாற்காலி விற்கிற கம்பெனியாம். கிடங்குப் பொறுப்பாளர் வேலை. பழைய டைல்ஸ் கிடங்கில் பார்த்த அதே வேலைதான், சரக்கு மட்டும் வேறு. நூலகத்து அறிவிப்புப் பலகையில் விளம்பரம் பார்த்து விண்ணப்பம் போட்டிருக்கிறார், என்னிடம் மூச்சு விடவில்லை. கிடைக்காமல் போனால் எனக்கும் சேர்த்து ஏமாற்றம் எதற்கு என்று நினைத்தாராம். கடிதத்தைக் கம்ப்யூட்டரில் அடித்திருக்கிறார்கள், ஒரு எழுத்துப் பிசகு கிடையாது. 'தங்கள் அனுபவத்தைக் கருத்தில் கொண்டு தங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்' என்று முதல் வரியிலேயே இருக்கிறது. அந்த வரியை எனக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினார். எனக்குப் படிக்கத் தெரியும் என்பதே மறந்துவிட்டது அவருக்கு.

நேர்முகம் கூட வைக்கவில்லை. எனக்கு அதுதான் கொஞ்சம் உறுத்தியது. அவரிடம் சொன்னால், அனுபவம் உள்ளவனுக்கு எதுக்கு நேர்முகம், ஆளைப் பார்த்தா வேலை கொடுப்பார்கள், வேலையைப் பார்த்துத்தானே கொடுப்பார்கள் என்று ஒரே போடாகப் போட்டார். சம்பளம் பற்றி 'கம்பெனி விதிகளின்படி' என்று ஒற்றை வரி. பெரிய இடங்களில் அப்படித்தான் எழுதுவார்களாம். வருகிற திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். முகவரி எங்கே தெரியுமா, உன் மருமகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கத்துச் சந்து. மகளும் நானும் தினம் ஒன்றாகவே நடந்து போய்விடலாம் என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

ஆகவே தம்பி, நீ உன் முதலாளியின் காலைப் பிடித்துக் கையைப் பிடித்து அங்கே அவருக்காக வாங்கி வைத்திருக்கிற வேலை இடம் இனி வேண்டியிருக்காது. தப்பாக நினைக்காதே. அவரே தனியாக உனக்கும் உன் முதலாளிக்கும் நன்றி சொல்லி எழுதுகிறார். மறுக்கிறோமே என்று அவருக்கும் சங்கடம்தான். எனக்கு? உன்னிடம் மறைப்பானேன். அவர் கடல் தாண்டிப் போய்விடுவாரே என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தவள் நான்.

இவ்வளவு நல்லது நடந்தும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்று கடையில் ஒரு பெரியவருக்குப் பள்ளிக்கூடப் பெண் போடுகிற ஃபிரேமை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவரும் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்றார். முதலாளியம்மா என்னை முறைத்தார்.

உன் மருமகள்தான் சரியாக இல்லை. அவள் வணிகமும் கம்ப்யூட்டரும் எடுத்ததில் இவருக்கு மனத்தாங்கல் இருந்தது உனக்குத் தெரியும். டாக்டருக்குப் படிக்கவில்லையே என்று. அதனால் அவள் வகுப்புக் கதை எதையும் வீட்டில் எடுப்பதில்லை. பாவம், முதல் பருவத்தில் என்னிடம் மட்டும் அடுப்படியில் வந்து சொல்வாள். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டுமாம், ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேராம், வகுப்பிலேயே ஏதோ விளையாட்டுக் கம்பெனி நடத்துகிறார்களாம், இவள் கணக்குப் பிரிவாம். நல்ல வாய்ப்பந்தல் என்று நான் கேலி செய்தேன். என்ன விற்கிறீர்கள் என்று கூடக் கேட்கவில்லை. இப்போது அதுவும் பேசுவதில்லை. நேற்று அப்பா கடிதத்தை நீட்டியதும் வாங்கிப் பார்த்துவிட்டு, நல்லாருக்குப்பா என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். தட்டில் வைத்தது வைத்தபடி. பரீட்சை நெருங்குகிறது, அதுவாகத்தான் இருக்கும்.

அத்தானுக்கு வாழ்த்துச் சொல்லி ஒரு வரி போடு. மகிழ்வார்.

உன் நன்மையே நினைக்கும்,
அக்கா

*

தம்பிக்கு,

என் போன கடிதம் உன் கைக்கு வந்திருந்தால் அதைத் தூரப் போடு. முதலாளியிடம் எதுவும் சொல்லிவிடாதே. சொல்லிவிட்டாயானால் ஓடிப் போய் மாற்றிச் சொல். என்ன காரணம் வேண்டுமானாலும் சொல், அக்காவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று கூடச் சொல். அந்த இடத்தை யாருக்கும் கொடுக்காமல் பார்த்துக்கொள்.

உன் அத்தானுக்குக் கிடைத்த வேலை வேலையே இல்லை. அப்படி ஒரு கம்பெனியே கிடையாது.

யாரோ ஏமாற்றுக்காரன் என்று நினைத்துவிடாதே. அப்படியாவது இருந்தால் போலீசுக்குப் போகலாம், தெருவில் நின்று திட்டலாம். இதில் யாரைத் திட்ட? அது உன் மருமகளின் வகுப்பு நடத்துகிற விளையாட்டுக் கம்பெனி.

நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்கு வந்தாள். கையில் அவர் உனக்கும் உன் முதலாளிக்கும் எழுதிய கடிதங்கள். தபாலில் போடச் சொல்லிக் காலையில் கொடுத்திருக்கிறார். அவள் போடவில்லை. ஃபிரேம் அடுக்கியிருக்கிற பலகைக்குப் பின்னால் என்னை இழுத்துக்கொண்டு போய், அழுதாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயத்தைப் பிடுங்கினேன்.

அவர்கள் வகுப்பில் வியாபாரக் கடிதம், விளம்பரம், ஆள் எடுப்பது எல்லாவற்றையும் செய்து பார்த்தே படிக்கிறார்கள். இல்லாத கம்பெனி, இல்லாத நாற்காலி. ஆனால் கடிதம் மட்டும் நிஜத் தபாலில் போய் வர வேண்டும் என்பது டீச்சரின் பிடிவாதம். அப்போதுதான் பயம் இருக்குமாம். வேறொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் இப்படி ஒரு கம்பெனி வைத்திருக்கிறார்கள். இவர்கள் விளம்பரத்துக்கு அவர்கள் பொய்யாக விண்ணப்பம் அனுப்புவார்கள், டீச்சரும் தன் பங்குக்குச் சில கற்பனை ஆட்களை உருவாக்கி அனுப்புவார். விளம்பரத்தைப் பள்ளிக்கூடப் பலகையில் ஒட்டச் சொன்னதற்கு, விளம்பரப் பிரிவுப் பையன் ஒருவன் ஆர்வக் கோளாறில் நூலகத்திலும் ஒட்டிவிட்டிருக்கிறான்.

எல்லாத் தாளிலும் அடியில் 'பயிற்சிக்காக மட்டும்' என்று ஒரு வரி கட்டாயம் வர வேண்டும். இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் தலைப்பை அழகாகப் பெரிசாக்கியதில் அந்த ஒற்றை வரி மட்டும் இரண்டாம் பக்கத்துக்கு நழுவிவிட்டது. மை வீணாகிறது என்று அந்த அறையில் ஒரு சட்டம், முதல் பக்கத்தை மட்டும்தான் அச்செடுக்க வேண்டும். விளம்பரத்துக்கும் அதே கதி, நியமனக் கடிதத்துக்கும் அதே கதி. டீச்சர் பார்த்தாராம். ஓரம் ஒழுங்காக விட்டிருக்கிறதா, தேதி உரிய இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துச் சரி போட்டாராம். நேர்முகம் ஏன் இல்லை என்று கேட்டேனே, நினைவிருக்கிறதா? அது அடுத்த பருவத்துப் பாடமாம்.

உனக்குத் தெரியாதாடி, அப்பா பேரைப் பார்த்தாயே என்று கேட்டேன். வகுப்பில் விண்ணப்ப உறையைப் பிரித்தபோதே தெரிந்துவிட்டதாம், அவர் கையெழுத்து. வகுப்பில் எல்லோரிடமும் அப்பா இன்னும் டைல்ஸ் கிடங்கில்தான் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறாள். இது என் அப்பா என்று எழுந்து சொல்ல நாக்கு எழவில்லை. வயிற்றுவலி என்று வெளியே போய்விட்டாள். திரும்பி வந்தபோது அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இது நிஜ ஆள் என்று டீச்சர் கண்டுபிடித்துவிடுவார் என்று இருந்தாள், அவர் கண்டுபிடிக்கவில்லை. தபால் பிரிவு அன்றே கொண்டுபோய்ப் போட்டுவிட்டது. இவர்களுடைய கம்பெனியில் எந்த வேலையும் தாமதமாக நடப்பதில்லை போலிருக்கிறது.

அடிக்கத்தான் கை ஓங்கினேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கை தானாக இறங்கிவிட்டது. நானும்தான் அவர் வேலை போனதை மறைத்து, பக்கத்து வீட்டில் அவர் விடுப்பில் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது என்ன செய்ய? டீச்சர் ஏதோ பயிற்சி வகுப்புக்கு வெளியூர் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார். இவரோ தலைகால் புரியாமல் திரிகிறார். புது ஷூ வாங்கி வந்து துடைத்துக்கொண்டே இருக்கிறார். எதிர்வீட்டு டிரைவர், மாடிவீட்டு டீச்சரம்மா, பால் ஊற்றுகிறவர், ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லியாயிற்று. நான் சொல்லலாம் என்று பக்கத்தில் போனால் அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். எத்தனை நாளாயிற்று இந்தச் சிரிப்பைப் பார்த்து. சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டுத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன். இதுவரைக்கும் அவர் குடித்த தண்ணீரில் ஒரு தொட்டி நிரம்பும்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவேன். நிச்சயம் சொல்லிவிடுவேன். நீ இடத்தை மட்டும் விட்டுவிடாதே.

அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

உன் தந்தி கிடைத்தது. இடம் இருக்கிறது என்ற ஒரு வரிக்கு உனக்குக் கோடி புண்ணியம்.

ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லவில்லை. என்னைத் திட்டுவதற்கு முன்னால் கேள். மத்தியானம் உன் மருமகள் தன் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். இவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் என்று ஆரம்பித்தேன். நானும்தான் சொல்லணும் என்றார். இஸ்திரியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "இது மட்டும் கிடைக்கலைன்னா உன் தம்பிகிட்டதான் போயிருப்பேன். போயிருக்கணும். ஆனா உன்னை விட்டுட்டுப் போக எனக்கு மனசே இல்ல. வயசான காலத்துல இதைச் சொல்ல வெட்கமா இருந்துச்சு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மாதிரி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அதற்கப்புறம் நான் எப்படிச் சொல்வேன், நீயே சொல். காலர் சரியாக மடியலை என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அப்பாவும் மகளும் ஒன்றாகத்தான் கிளம்பினார்கள். முனையில் திரும்பும் வரை பார்த்தேன். அவர் நடையே வேறாக இருந்தது. அன்று கடையில் நான் என்ன விற்றேன், யாரிடம் என்ன பேசினேன், எதுவும் நினைவில்லை. தொலைபேசி அடித்தால் தூக்கிவாரிப் போடும். கதவு திறந்தால் எழுந்து நிற்பேன். நடந்ததை உன் மருமகள் சொல்லித்தான் தெரியும், அப்புறம் அந்த டீச்சரும் நேற்றுக் கடைக்கு வந்து மீதியைச் சொன்னார். இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

பள்ளிக்கூட வாசலில் அவளை விட்டுவிட்டு அவர் சந்துக்குத் திரும்பியிருக்கிறார். அவள் உள்ளே விழுந்தடித்து ஓடி, அப்போதுதான் வந்திறங்கிய டீச்சரைப் பிடித்து மூச்சு வாங்கச் சொல்லி முடிப்பதற்குள் இவர் கம்ப்யூட்டர் அறையின் பின்வாசலுக்கு வந்துவிட்டார். கடிதத்தில் போட்டிருந்த கதவு எண் சரியாகத்தான் இருந்தது. கதவுக்கு வெளியே நின்றுவிட்டாராம். ஏனென்றால் அங்கே சுவர் ஓரமாகச் செருப்புகளும் ஷூக்களும் வரிசையாகக் கிடந்தன. எல்லாம் சின்னச் சின்னதாக. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஷூ.

அந்த வரிசையை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார் என்றாள். அவள் உள்ளேயிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தாளாம். போகவில்லை. குனிந்து புது ஷூவைக் கழற்றி, அந்த வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

பிள்ளைகள் எல்லாம் எழுந்து வணக்கம் சார் என்றார்களாம். டீச்சர் கையைப் பிசைந்துகொண்டு முன்னால் வந்து மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். இவர் இருக்கட்டும் என்று கையைக் காட்டிவிட்டு, பொது மேலாளர் யார் என்று கேட்டிருக்கிறார். ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் கை தூக்கினாள். அவளிடம் நியமனக் கடிதத்தை நீட்டி, வேலையில் சேர வந்திருக்கிறேன் என்றாராம். அந்தப் பெண்தான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். நிஜ நாற்காலி.

என்னை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டார். ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுக் கூட்டினார்களாம், இவருக்குத்தான் எல்லாரையும் விட அதிகம் வந்ததாம். மற்றவர்களெல்லாம் கற்பனை ஆட்கள், அதுவும் திறமையாகக் கற்பனை செய்த ஆட்கள் என்று டீச்சர் சொன்னார். இவர் விண்ணப்பம்தான் படிக்கும்போதே ஆள் எதிரில் நிற்கிற மாதிரி இருந்ததாம்.

அப்புறம் உன் மருமகள் பக்கம் திரும்பியிருக்கிறார். அதுவரைக்கும் அவளைப் பார்க்கவே இல்லையாம்.

"நீயும் மார்க் போட்டியா?"

"இல்லப்பா. உங்க லெட்டரை எடுத்ததும் வெளிய போயிட்டேன்."

"அப்ப சரி," என்றாராம்.

அவள் அங்கேயே, வகுப்பு பார்க்க, எங்கப்பா என்று சொல்லி அவர் பக்கத்தில் போய் நின்றாளாம். இதை என்னிடம் சொல்லும்போதுதான் மறுபடியும் அழுதாள்.

மணி அடிக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். போவதற்கு முன்னால் ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டும், முறைப்படி எல்லாம் நடக்கட்டும் என்றார். பிள்ளைகளுக்கு அது பாடத்தில் வரவில்லை, ஆனாலும் அவர் சொல்லச் சொல்ல அந்த ரெட்டைப் பின்னல் பெண் கம்ப்யூட்டரில் அடித்தாள். இந்தத் தடவை ஜாக்கிரதையாக, எழுத்தைச் சிறிசாக்கி, 'பயிற்சிக்காக மட்டும்' என்ற வரியை முதல் பக்கத்திலேயே அடங்குகிற மாதிரி வைத்தாளாம். அச்செடுத்துக் கையெழுத்துக்கு நீட்டியதும் இவர் படித்துப் பார்த்துவிட்டு, "இதுல மட்டும் அந்த வரி வேண்டாம்மா," என்றார்.

அந்தப் பெண் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலையாட்டினார். வரியை எடுத்துவிட்டு மறுபடி அச்செடுத்துக் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

டீச்சர் என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, நான் உங்களிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று நின்றார். சின்னப் பெண்தான், உன் மருமகளை விடக் கொஞ்சம்தான் பெரியவளாக இருப்பாள். எனக்கு முதலில் ஆத்திரம் பொங்கியது. அப்புறம் அவர் மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கம் தளர்ந்து சரிந்துகொண்டே இருந்தது கண்ணில் பட்டது. கழற்றி வாங்கி அந்தத் திருகாணியை முறுக்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய.

வீட்டில் இவர் என்ன சொன்னார் தெரியுமா? மாலையில் வந்து ஷூவைக் கட்டிலுக்கடியில் வைத்தார். டீயைக் குடித்தார். "அந்த வேலை சரிப்படலை. விட்டுட்டேன். உன் தம்பிக்கு எழுதிடு, வர்றேன்னு," என்றார். அவ்வளவுதான். ஏன் சரிப்படவில்லை என்று நான் கேட்கவில்லை. எனக்கு முன்னாலேயே தெரியும் என்பது அவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. உன் மருமகளும் வாயைத் திறக்க மாட்டாள். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கெல்லாம், வெளிநாட்டில் இதை விட நல்ல இடம் வந்தது, அதனால் விட்டுவிட்டார் என்று சொல்லியாயிற்று. எதிர்வீட்டு டிரைவர், ஒரே நாளில் ரெண்டு வேலையா, யோகக்காரர்தான் என்றார்.

அவருக்கு வந்த அந்த நியமனக் கடிதம், அதைத்தான் சொல்ல மறந்தேன், பிள்ளைகளிடமே விட்டுவிட்டு வரவில்லை. மடித்துப் பயணப் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறார். நான் சட்டை அடுக்கும்போது பார்த்தேன். எடுத்துவிடவில்லை.

அடுத்த வாரம் கிளம்புகிறார். உன் மருமகள் அப்பாவுக்காகக் கம்ப்யூட்டரில் உன் முகவரியையும் நம் முகவரியையும் பெரிய எழுத்தில் அடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பெட்டியில் ஒட்டியிருக்கிறார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம், மகள் அடித்தது என்று காட்டுகிறார். அவள் டாக்டருக்குப் படிக்கவில்லை என்ற பேச்சையே இப்போது காணோம்.

தம்பி, உன் அறையில் ஜன்னல் ஓரத்துக் கட்டிலை அவருக்குக் கொடு. காற்று இல்லாவிட்டால் தூங்க மாட்டார். சாப்பிட்டேன் என்று பொய் சொல்வார், நம்பாதே. ஆனால் ஒன்றை மட்டும் நம்பு. ஊரில் கிடைத்த வேலையை, நல்ல வேலையை, விட்டுவிட்டு வந்தேன் என்று உன்னிடம் சொல்வார். எத்தனையோ பேரில் தன்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்றும் சொல்வார். பெட்டியைத் திறந்து கடிதத்தைக் காட்டினாலும் காட்டுவார். கையில் வாங்கி நிதானமாகப் படி. இரண்டாம் பக்கம் எங்கே என்று கேட்காதே.

நீங்கள் இருவரும் அங்கே ஒருவருக்கொருவர் துணையாக நன்றாக இருக்க வேண்டும். எங்களைப் பற்றிக் கவலை இல்லை என்று அவரிடம் சொல்.

என்றும் உன்,
அக்கா